மங்க் தொடரின் கடைசி சீசன்: பன்னிரண்டு வருஷம் பிரிக்காத பரிசு

மனைவி ட்ரூடி கடைசியாகக் கொடுத்த கிறிஸ்துமஸ் பரிசை ஏட்ரியன் மங்க் பன்னிரண்டு வருஷமாகப் பிரிக்கவே இல்லை. சுற்றிய காகிதத்தோடு அப்படியே வைத்திருந்தார். பிரித்துவிட்டால் அப்புறம் அவளிடமிருந்து வருவதற்கு எதுவும் மிச்சம் இருக்காதே. "மங்க்" என்ற அமெரிக்கத் துப்பறியும் தொடரின் முடிவைப் பற்றி இன்றைக்கும் ரசிகர்கள் சண்டை போடுகிறார்கள், எங்கே தொடங்கினாலும் பேச்சு அந்தப் பரிசில்தான் போய் நிற்கும். உள்ளே இருந்தது ஒரு வீடியோ டேப். தான் கொல்லப்பட்டால் யாரைச் சந்தேகப்பட வேண்டும் என்று ட்ரூடியே அதில் சொல்லியிருந்தாள். எட்டு சீசன் அலைந்து தேடிய பதில் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. இதைவிட அழகான முடிவு கிடையாது என்று ஒரு கூட்டம் சொல்கிறது, இது ஏமாற்று வேலை என்று இன்னொரு கூட்டம் சொல்கிறது. இரண்டு பக்கமும் ஏன் அவ்வளவு உறுதியாகப் பேசுகிறார்கள் என்று புரிய வேண்டுமென்றால் தொடர் எப்படிக் கட்டப்பட்டது என்பதிலிருந்து வர வேண்டும். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது, பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

ஏபிசி தொலைக்காட்சிக்காக உருவாகி, அவர்கள் வேண்டாம் என்று விட்ட பிறகு யுஎஸ்ஏ நெட்வொர்க் என்ற கேபிள் சேனலுக்குப் போன தொடர் இது. 2002 ஜூலை 12 அன்று தொடங்கி 2009 டிசம்பர் 4 அன்று முடிந்தது. 8 சீசன், 125 எபிசோட். உருவாக்கியவர் ஆண்டி ப்ரெக்மன். மூலக் கரு தயாரிப்பாளர் டேவிட் ஹோபர்மனுடையது. நடைபாதை விரிசலை மிதிக்கக் கூடாது, கம்பங்களைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்கிற தொல்லை அவருக்கே ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. மங்க்காக நடித்த டோனி ஷலூப்புக்கு மூன்று எம்மி விருது கிடைத்தது. கதை சான் பிரான்சிஸ்கோவில் நடக்கிறது. மங்க் அங்கே போலீஸ் துப்பறிவாளர். ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் சின்ன வயதிலிருந்தே அவருக்கு உண்டு. 1997 டிசம்பர் 14 அன்று மனைவி ட்ரூடி கார் குண்டில் சாகிறாள். அதோடு மங்க் நொறுங்கிப் போகிறார், மூன்றரை வருஷம் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை, வேலையும் போகிறது. ஷரோனா என்ற நர்ஸ்தான் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்து வருகிறாள். நாம் பார்க்கத் தொடங்கும்போது அவர் போலீசுக்கு உதவும் தனியார் ஆலோசகர், பேட்ஜ் திரும்பக் கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டிருப்பவர்.

ஆக, இந்தத் தொடரில் முதல் நாளிலிருந்தே இரண்டு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒன்று வாரக் கணக்கு. ஒவ்வொரு வாரமும் ஒரு கொலை, ஒரு புதிர். பல எபிசோடில் கொலைகாரன் யார் என்று நமக்கு முதல் காட்சியிலேயே தெரிந்துவிடும், எப்படிச் செய்தான் என்பதுதான் கேள்வி. விண்வெளியில் சுற்றிக்கொண்டிருந்தவன் பூமியில் எப்படிக் கொலை செய்திருக்க முடியும்? கோமாவில் படுத்துக் கிடப்பவன் எப்படி வெடிகுண்டு அனுப்புவான்? கடைசியில் மங்க் நின்று, நடந்தது இதுதான் என்று தொடங்குவார், படம் கறுப்பு வெள்ளைக்கு மாறும், நாம் பார்த்தும் கவனிக்காத துணுக்கு ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் போய் உட்காரும். தடயம் எல்லாம் நம் கண்முன்னால்தான் இருந்தது என்ற திருப்தி பார்க்கிறவனுக்குக் கிடைக்க வேண்டும். இந்த வகைக் கதைக்கும் ரசிகனுக்கும் இடையே உள்ள எழுதாத ஒப்பந்தம் அது.

இன்னொன்று நீளக் கணக்கு. ட்ரூடியைக் கொன்றது யார்? இதை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் தொட்டார்கள், ஆனால் தொட்டபோதெல்லாம் நன்றாகவே தொட்டார்கள். இரண்டாவது சீசனின் கடைசியில், குண்டு செய்தவன் வாரிக் டென்னிசன் என்று தெரிகிறது. 2004இல் வந்த மூன்றாவது சீசனின் முதல் எபிசோடில் மங்க் அவனைத் தேடி நியூயார்க் போகிறார். அவன் ஆஸ்பத்திரியில் சாகக் கிடக்கிறான். தன்னை அனுப்பியவனின் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் அவனுக்கு ஒரு கையில் ஆறு விரல் என்று மட்டும் சொல்கிறான், பிறகு மன்னிப்புக் கேட்கிறான். மங்க் கையை நீட்டி அவனுக்கு ஏறிக்கொண்டிருக்கும் மார்ஃபினை நிறுத்துகிறார், இது நான் என்கிறார். சில நொடி போகிறது. திரும்பத் திறந்துவிடுகிறார், இது நீ கொன்ற ட்ரூடி என்கிறார். தும்மல் சத்தத்துக்கும் பயப்படுகிற மனிதர் என்று இரண்டு வருஷமாகச் சிரித்துக்கொண்டு பார்த்தவர்களுக்கு அந்த ஒரு நிமிஷத்தில் தொடரே வேறு ஒன்றாகிவிட்டது. எனக்கும் அப்படித்தான். அதற்குப் பிறகு ட்ரூடியின் பெயர் வந்தால் நிமிர்ந்து உட்காருவேன்.

ஆறு விரல்காரன் ஃப்ராங்க் நன் 2008இல், ஆறாவது சீசனின் முடிவில் அகப்படுகிறான், ஆனால் உண்மை முழுதாக வெளியே வருமுன் சுடப்பட்டுச் சாகிறான். அவனும் கூலிக்காரன்தான். அவனுக்கு மேலே இருக்கிறவன் யார் என்ற கேள்வியோடுதான் எட்டாவது சீசனுக்கு வருகிறோம், அதுவே கடைசி என்று முன்கூட்டியே அறிவித்தும்விட்டார்கள். இப்படி முன்னாலேயே தெரிந்து முடியும் தொடர்கள் குறைவு. நடுவில் வெட்டப்படும் தொடர் சரியாக முடியவில்லை என்றால் சேனலைத் திட்டலாம். இவர்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. நேரம் இருந்தது, 16 எபிசோட் இருந்தது.

ரசிகர்கள் சண்டை போடுவதும் இந்தத் தொடருக்குப் புதிதல்ல. மூன்றாவது சீசனின் நடுவில் ஷரோனா போய் மங்க்கின் புது உதவியாளராக நடாலி வந்ததிலிருந்து யார் சிறந்தவர் என்ற வாக்குவாதம் ஓய்ந்ததே இல்லை. அதற்கும் முன்னால், முதல் சீசனில் ஜெஃப் பீல் அமைத்த தொடக்க இசையை எடுத்துவிட்டு இரண்டாவது சீசனில் ராண்டி நியூமன் பாட்டைப் போட்டபோது ரசிகர்கள் கொதித்தார்கள். எழுத்தாளர்கள் அதைத் தொடருக்குள்ளேயே கொண்டுவந்தார்கள்: சாரா சில்வர்மன் நடித்த மார்சி என்ற வெறிபிடித்த ரசிகை ஒரு எபிசோடில் வருகிறாள், தொடக்கப் பாட்டை மாற்றியதைப் பொறுக்க முடியாமல் புலம்புகிறாள், உங்களைப் பற்றி ஒரு தொடர் வந்தால் பாட்டை மாற்றக் கூடாது என்று மங்க்கிடம் சத்தியம் வாங்குகிறாள். பழைய இசையோடு அந்த எபிசோட் முடிகிறது.

கடைசி சீசனின் முதல் எபிசோடை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். மங்க்குக்குச் சின்ன வயதில் உயிராக இருந்த ஒரு குடும்பத் தொடர், அதில் நடித்த பெண், இப்போது வளர்ந்துவிட்ட அவள் தன் வாழ்க்கையை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதிய ஒரு புத்தகம். தான் நேசித்த அந்தச் சிறுமி உண்மையில் வேறு ஆள் என்பதை மங்க்கால் தாங்க முடியவில்லை. நமக்குப் பிடித்தவர்களுக்கு நமக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை இருந்திருக்கலாம் என்பதை ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார்கள். டிசம்பரில் ட்ரூடி விஷயத்தில் நடக்கப்போவதும் அதேதான். முதல் தடவை பார்த்தபோது இது எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாம் சுற்றில்தான் ஆரம்பமும் முடிவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

நடுவில் வரும் எபிசோடுகள் ஏறி இறங்கித்தான் இருக்கும். பறக்கும் தட்டு, பில்லி சூனியம் என்று சில, கடைசி சீசனில் இதற்கெல்லாம் நேரமா என்று பொறுமை இழந்தவர்கள் பலர். அந்தக் குறை நியாயமானதே. ஆனாலும் இதே நடுப்பகுதியில்தான் சத்தமில்லாமல் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கிறார்கள். பல சீசனாக மங்க்கோடு போட்டி போட்ட சக நோயாளி ஹெரால்ட், குழுச் சிகிச்சைக்குப் போகிற எபிசோடில் நண்பனாகிறான். மங்க்கின் நண்பரான போலீஸ் கேப்டன் ஸ்டாட்டில்மையருக்குக் கல்யாணம் நடக்கிறது. ஷரோனா ஒருமுறை திரும்பி வருகிறாள், அவளும் நடாலியும் ஒரே காட்சியில் நிற்பதைப் பார்க்க ஐந்து வருஷம் காத்திருந்தோம்.

அப்புறம் பேட்ஜ். இறுதிக்கு முந்திய எபிசோட், என் கணக்கில் சீசனிலேயே முக்கியமானது. முதல் எபிசோடிலிருந்து மங்க் கேட்டது இரண்டே விஷயம்: ட்ரூடியைக் கொன்றவன் யார், என் பேட்ஜ் எப்போது. பேட்ஜைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் அவரும் மாறிவிட்டார், அந்த வேலையும் அவர் நினைவில் வைத்திருந்த வேலையாக இல்லை, அவரால் அங்கே ஒட்ட முடியவில்லை. கடைசியில் தானாகவே திருப்பிக் கொடுத்துவிடுகிறார். கேட்டது கிடைத்த பிறகும் மனசு அடங்கவில்லை என்றால் கேட்டது தப்பாக இருக்கலாம் என்பதை, கொலைகாரன் பெயர் தெரிவதற்குக் கொஞ்சம் முன்னால் நமக்குக் காட்டிவிட்டார்கள். பேட்ஜ் அவரைக் குணமாக்கவில்லை. கொலைகாரன் பெயர் மட்டும் குணமாக்கிவிடுமா?

இறுதிக் கதை இரண்டு பகுதி. ஒரு மருத்துவர் கொலையை விசாரிக்கும்போது மங்க்கின் உடம்பில் விஷம் ஏறுகிறது, பிழைக்கச் சில நாள்தான் இருக்கிறது. எதில் கலந்தார்கள் என்று தெரிந்தால்தான் மாற்று மருந்து கொடுக்க முடியும். சாப்பாட்டில் இல்லை, தண்ணீரில் இல்லை. கை துடைக்கும் ஈரத் தாளான வெட் வைப்ஸில் இருக்கிறது. யாரிடமாவது கை குலுக்கினால் உடனே கையை நீட்டுவார், ஷரோனாவோ நடாலியோ பையிலிருந்து ஒன்றை எடுத்து வைப்பாள், நூறு எபிசோடுக்கு மேல் நாம் பார்த்துச் சிரித்த அதே சைகை. கிருமியிலிருந்து தப்பிக்க அவர் பிடித்துக்கொண்டிருந்த பொருளே அவரைக் கொன்றுகொண்டிருக்கிறது. புதிர் என்ற அளவில் இது முதல் தரம். கண்முன்னாலேயே இருந்தது, நமக்குத் தெரிந்ததாகவும் இருந்தது, ஆனாலும் நாம் கவனிக்கவில்லை. வாரக் கணக்கின் விதியை அப்படியே காப்பாற்றிய தடயம்.

சாகப்போகிறோம் என்று நினைத்துத்தான் மங்க் அந்தப் பரிசைப் பிரிக்கிறார். அவரைச் சந்திப்பதற்கு முன்னால் சட்டப் பேராசிரியர் ஈதன் ரிக்கோவரோடு தனக்கு உறவு இருந்தது, 1983 ஜனவரி 2 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஒன்பதே நிமிஷத்தில் இறந்துவிட்டது என்று சொன்னார்கள் என்று டேப்பில் ட்ரூடி சொல்கிறாள். ரிக்கோவர் பின்னால் நீதிபதி ஆனவர். பிரசவம் பார்த்த வெண்டி என்ற மருத்துவச்சிக்கு மனசாட்சி உறுத்தி உண்மையைச் சொல்லிவிட நினைத்ததால் அவளையும் ட்ரூடியையும் முடித்துவிட்டார். வெண்டியின் எலும்புகள் அவர் வீட்டுத் தோட்டத்தில், சூரியக் கடிகாரத்துக்கு அடியில் இருக்கின்றன. மங்க் துப்பாக்கி முனையில் அவரையே தோண்ட வைக்கிறார். உண்மை வெளியே வந்ததும், அவளைப் பார்த்துக்கொள் என்று மங்க்கிடம் சொல்லிவிட்டு ரிக்கோவர் தன்னையே சுட்டுக்கொள்கிறார். குழந்தை சாகவில்லை. மாலி, 26 வயது, ஒரு பத்திரிகையில் திரைப்பட விமர்சனம் எழுதுகிறாள்.

அமெரிக்காவில் அன்றிரவு 94 லட்சம் பேர் பார்த்தார்கள், தனிச் சந்தா கேட்காத சாதாரண கேபிள் சேனல்களில் நாடகத் தொடர் எதுவும் அதுவரை எட்டாத எண்ணிக்கை. சண்டையும் அன்றிரவே தொடங்கியது.

முதல் புகார், இது நேர்மையான புதிர் இல்லை என்பது. இதை நான் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். ரிக்கோவரின் முகத்தை இறுதிக் கதைக்கு முன்னால் நாம் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. டென்னிசன், நன், ரிக்கோவர் என்று போகும் சங்கிலியில் கடைசிக் கண்ணி எப்படிக் கோக்கப்பட்டது என்பதற்குத் தனிக் காட்சி வைத்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய குறை, மங்க் இதைக் கண்டுபிடிக்கவில்லை, அவருக்குச் சொல்லப்பட்டது. விண்வெளி வீரனைப் பிடித்த மூளைக்குத் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய வழக்கில் கிடைத்தது ஒரு டேப். சூரியக் கடிகாரத்தை அவர்தான் யூகிக்கிறார், ஆனால் அது பாதி வழிக்கு மேல்தான். ஏழாவது சீசனிலேயே ரிக்கோவரை ஒரு சாதாரண வழக்கில் நீதிபதியாக உட்கார வைத்திருந்தால், தோட்டத்தை ஒரு தடவை காட்டியிருந்தால், இந்தப் புகாரில் பாதி இல்லாமல் போயிருக்கும்.

இரண்டாவது புகாரில்தான் நான் எதிர்ப்பக்கம். ட்ரூடிக்குத் திருமணத்துக்கு முன் ஒரு காதலும் குழந்தையும் இருந்தது என்று சொன்னதால் அவளைக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார்கள். யோசித்துப் பாருங்கள், அதற்கு முன்னால் ட்ரூடி யார்? மங்க்கின் நினைவில் வெள்ளை வெளிச்சத்தில் வந்து சிரித்துவிட்டுப் போகிற ஒரு பிம்பம். குறையே இல்லாதவள், ஏனென்றால் இறந்துவிட்டாள். அந்தப் பிம்பத்தோடு தனியாக வாழ்வதுதான் மங்க்கின் உண்மையான நோய். டேப்பில்தான் முதல் தடவையாக அவள் தன் வாயால் தன்னைப் பற்றிப் பேசுகிறாள்: பயந்திருக்கிறாள், மறைத்திருக்கிறாள், வெட்கப்படுகிறாள். அவள் அங்கே மனுஷியாகிறாள், அதைக் கேட்டும் மங்க் ஒரு இம்மி குறைவாக நேசிக்கவில்லை. எழுத்தாளர்களுக்கு இன்னொரு நெருக்கடியும் இருந்தது. கொலைகாரன் பிடிபட்டால் மங்க்குக்குக் காலையில் எழுந்திருக்க என்ன காரணம் மிஞ்சும்? பேட்ஜ் போய்விட்டது, வழக்கு முடிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற ஒருத்தி, ட்ரூடியின் சாயலில் ஒருத்தி, எதிரே உட்கார்ந்து பேச முடிகிற ஒருத்தி தேவைப்பட்டாள். ஓய்வு பெறப்போகிறேன் என்று சொல்லும் மங்க்கை வேலையைத் தொடரச் சொல்வதும் மாலிதான்.

கேப்டனின் கீழே வேலை பார்த்த லெப்டினன்ட் ராண்டி டிஷர் நியூஜெர்சியில் போலீஸ் தலைவராகப் போவதும், அங்கே ஷரோனாவோடு சேர்வதும் அவசரத்தில் கட்டிய முடிச்சு. ஓர் எபிசோடில் முளைத்த காதல் இவ்வளவு தூரம் போனதை நம்பச் சிரமப்பட்டவர்கள் பக்கம்தான் நானும்.

நோயைப் பற்றிய விவாதம் இன்னும் ஆழமானது. தங்களை முதல்முறையாகத் திரையில் பார்த்தோம் என்று ஓசிடி உள்ளவர்கள் சிலர் நெகிழ்ந்தார்கள், எங்கள் வேதனையைக் காட்டிச் சிரிக்க வைத்தார்கள் என்று வேறு சிலர் வருந்தினார்கள். இரண்டும் உண்மை. மூன்றாவது சீசனில் மங்க் மாத்திரை சாப்பிடும் எபிசோட் ஒன்று உண்டு. பயம் போகிறது, கூடவே அறிவும் போகிறது, அற்பமான ஆளாகிவிடுகிறார். மாத்திரை சாப்பிட்டால் ஆளே மாறிவிடுவோம் என்ற பயத்தில் சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நிறைய இருக்கும்போது இப்படி ஒரு கதை செய்திருக்கக் கூடாது. ஓசிடிக்கு இன்று உள்ள முறையான சிகிச்சை இரண்டு. பயப்படும் விஷயத்தை எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவது ஒன்று. மூளையின் செரோடோனினைச் சார்ந்து வேலை செய்யும் மருந்துகள் இன்னொன்று. பலருக்கு வருஷக்கணக்கில் கூடவே வரும் நோய் அது. இறுதி எபிசோடில் மங்க் லேசாகிறார், முகம் தளர்கிறது. அதைக் குணமாகிவிட்டார் என்று படித்தவர்கள் கோபப்பட்டார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. துக்கம் இறங்கியது, நோய் இருக்கிறது.

2023 டிசம்பர் 8 அன்று பீகாக் தளத்தில் வந்த "மிஸ்டர் மங்க்'ஸ் லாஸ்ட் கேஸ்" படம் அந்த வாதத்தை மறுபடி கிளறிவிட்டது. கொரோனாவுக்குப் பிறகு மங்க் பழைய நிலைக்கே சரிந்திருக்கிறார், மாத்திரைகளைச் சேர்த்துவைத்துச் சாவைப் பற்றி யோசிக்கிறார். 2009இல் கொடுத்த முடிவைப் பறித்துவிட்டார்கள் என்று பலர் இந்தப் படத்தைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அவர்கள் வலி எனக்குப் புரிகிறது, நானும் முதல் அரை மணி நேரம் பார்க்க முடியாமல் தவித்தேன். ஆனால் கிருமியைக் கண்டு நடுங்குகிற ஒரு மனிதர் பெருந்தொற்றுக் காலத்தைச் சேதமில்லாமல் கடந்திருப்பார் என்று எழுதியிருந்தால் அதுதான் பொய். படத்தின் முடிவில், அவர் நியாயம் வாங்கிக்கொடுத்த கொலையுண்டவர்கள் எல்லாரும் அவர் முன்னால் வந்து நிற்கிறார்கள், அத்தனை வருஷ வாரக் கணக்கும் ஒரே காட்சியில்.

மாலியை 2009இல் கடைசி நேரத்தில் சும்மா ஒட்டவைத்தார்கள் என்று சொல்கிறவர்களிடம் நான் காட்டுவது படத்தின் தொடக்கத்தில் வரும் சின்ன விஷயம் ஒன்று. மங்க் தன் வரலாற்றை எழுதுகிறார். வழக்குகளைவிட வேக்குவம் க்ளீனர்களைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார் என்று பதிப்பகம் கைவிரித்துவிடுகிறது. உடைந்துபோகிறார். புத்தகம் வராமல் போனதற்காக இல்லை. அந்தப் பணத்தை அவர் மாலியின் கல்யாணச் செலவுக்கென்று நினைத்து வைத்திருந்தார்.